மை படாத இடம்

சேலத்திலிருந்து கடிதம் வந்த அன்று ஞானமேரி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கத்தரிக்காய் வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நல்லம்பள்ளிப் பக்கம் டிராயிங் டீச்சராகச் சேர்ந்த நான்கு வருடங்களில் அவள் கரும்பலகையில் வரைந்த கத்தரிக்காய்களை ஒன்றாகக் கொட்டினால் ஒரு வாரச் சந்தையே நடத்திவிடலாம். பாடத்திட்டம் அப்படி. கத்தரிக்காய், வாழைப்பழம், குடை, மறுபடியும் கத்தரிக்காய். பியூன் நீட்டிய உறையின் மேல் 'சென்றாயன் அச்சகம், சேலம்' என்று சிவப்பு மையில் அடித்திருந்தது. அதைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. கத்தரிக்காய்க்குக் காம்பு இல்லாமல் போயிற்று. பிள்ளைகளும் காம்பு இல்லாமலேயே வரைந்துவைத்தார்கள்.

சென்றாயன் சுற்றிவளைத்து எழுதுகிற ஆள் இல்லை. உங்கள் அப்பா ஸ்தனிஸ்லாஸ் மாஸ்டர் வரைந்த 'வத்தல்மலை மூவர்' படக்கதைப் புத்தகம் மூன்றாம் முறை அச்சிட்டதும் தீர்ந்துவிட்டது. பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டு இன்னமும் கடிதங்கள் வருகின்றன. மாஸ்டர் உயிரோடு இருந்தால் அவரையே கேட்டிருப்பேன். அவர் படங்களுக்கு மை போட்ட கை உங்களுடையது என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே இரண்டாம் பாகத்தை நீங்கள்தான் வரைய வேண்டும். முப்பத்திரண்டு பக்கம். அக்டோபர் முடிவதற்குள் படங்கள் வந்தால் கிறிஸ்துமஸ் லீவுக்குப் புத்தகம் போட்டுவிடலாம். உங்கள் அண்ணனும் ஒரு சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டால் நல்லது. ஞானமேரி அதை நின்றபடியே மூன்று தடவை படித்தாள். சந்தோஷம் வந்தது, அதன் பின்னாலேயே பயமும் வந்தது. பிறகு என்ன ஆயிற்று என்று எங்கோ யாரோ முகம் தெரியாதவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை அவர்கள் வீட்டில் பதினோரு வருடமாக ஒருவரும் கேட்டதில்லை.

'வத்தல்மலை மூவர்' சேலத்திலிருந்து வந்த 'சிட்டுக்கூடு' என்ற சிறுவர் மாத இதழில் தொடராக வந்த கதை. மலையடிவாரத்தில் ஒரு அக்கா, ஒரு தம்பி, ஒரு தங்கை. சந்தன மரம் வெட்டுகிறவர்களைப் பிடித்துக் கொடுப்பார்கள், தொலைந்த மாட்டைக் கண்டுபிடிப்பார்கள், கோயில் உண்டியலை உடைத்தவனை நாற்பது மைல் நடந்தே துரத்துவார்கள். மாஸ்டருக்குக் கற்பனை படத்தில் இருந்த அளவுக்குப் பெயர் வைப்பதில் இல்லை. தன் பிள்ளைகள் மூன்று பேரையும் அப்படியே உள்ளே இறக்கிவிட்டார்: லூர்து, கஸ்பார், மேரி. மூவரில் தலைவி லூர்துதான். மரம் ஏறுவாள், பாம்பைக் கழியால் தள்ளிவிடுவாள், பெரிய மனிதர்களிடம் எதிர்த்துப் பேசுவாள். கஸ்பார் அவள் பின்னால் ஓடுவான், மேரி கஸ்பார் பின்னால் ஓடுவாள். வீட்டிலும் அதே வரிசைதான். அதனால் அவர் புதிதாக யோசிக்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

அறுபத்திரண்டாம் வருடம், மாதா திருவிழா முடிந்த மறுவாரம், இருபது வயது லூர்தம்மாள் முனிராஜோடு போய்விட்டாள். முனிராஜ் அரூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன், இந்து, புளி மண்டியில் எடை போடுகிறவன். புளி வாங்க ஊருக்குள் வந்து போனவன்தான். இரண்டு பேரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள் என்று சேதி வந்தபோது சித்தப்பன்மார்கள் அரிவாளைத் தேடினார்கள். மாஸ்டர் யாரையும் போகவிடவில்லை. கத்தவில்லை, அழவில்லை. மேசை முன்னால் போய் உட்கார்ந்து அந்த மாதத்துப் பக்கங்களை வரைந்தார். அடுத்த இதழில் லூர்து, கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்கக் குனிகிறாள், கால் வழுக்குகிறது, விழுகிறாள். கஸ்பார் குதித்துத் தேடி வெறுங்கையோடு மேலே வருகிறான். கடைசிக் கட்டத்தில் கிணறு மட்டும், முழுக்கக் கறுப்பாக. யாரையும் ஒரு அடி அடித்தறியாத மனிதர். அன்றைக்கு நாலு அறை அறைந்திருந்தால் தேவலை என்று ஞானமேரி பின்னால் எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள். அறை ஆறிவிடும், இது அச்சாகிவிட்டது.

ஊருக்கு மூன்று பிரதி வரும். மூன்றும் கைமாறி, ஜாக்கெட் தைக்கிற வீடு வரைக்கும் போய், ஊர் முழுக்கப் படித்தது. அதற்கப்புறம் லூர்தம்மாள் எப்படி இருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. இதழ் தொடர்ந்து வந்தது, தலைப்பு 'மூவர்', ஆள் இரண்டு. அந்த நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தபோது, குடும்பத்துக் கல்லறைகளுக்கெல்லாம் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, மாஸ்டர் ஒரு சின்ன மெழுகுவத்தியை எடுத்து அவருடைய ஆத்தா கல்லறைக்குப் பக்கத்தில் வெறும் தரையில் குத்தி ஏற்றினார். அது யாருக்கு என்று அவர் சொல்லவில்லை, சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றும் இல்லை. வருடம் தவறாமல் ஏற்றினார். எழுபதில் அவர் இறந்த பிறகு கஸ்பார் ஏற்றினான். அப்பா இறந்ததற்கு அரூருக்கு ஆள் அனுப்பவில்லை. செத்தவளுக்குச் சாவுச் சேதி யார் சொல்லுவார்கள்?

ஞானமேரிக்கு இதில் தனியாக ஒரு கணக்கு இருந்தது, அதை அவள் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. அப்பா பென்சிலில் படம் போடுவார், பேனாவால் கோடு இழுப்பார். எங்கெல்லாம் முழுக் கறுப்பு வர வேண்டுமோ அங்கெல்லாம் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பார். அந்த இடங்களைப் பிரஷ்ஷால் நிரப்புவது பத்து வயதிலிருந்து அவள் வேலை. ராத்திரி வானம், திருடன் கம்பளி, லூர்துவின் ஜடை எல்லாம் அவள் போட்ட மைதான். அந்த மாதமும் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பக்கங்கள் மேசையில் இருந்தன. கிணற்றின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. பதினான்கு வயதுப் பெண், உட்கார்ந்து மை போட்டாள். அக்காளைத் தண்ணீரில் அமுக்கியது அப்பா போட்ட கோடு என்றால், மேலே மூடியது அவள் கை. அதிலும் ஒரு தப்பு செய்தாள். கிணற்றின் இடப்பக்கச் சுவரில் விரல் அகலத்துக்கு ஒரு இடம் மை படாமல் வெள்ளையாக விட்டுப்போயிற்று. அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சிட்டுக்கூட்டுக்குப் பிள்ளைகள் எழுதிய கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான்: கிணற்றுக்குள் வெள்ளையாகத் தெரிகிறதே, அது லூர்துவின் கையா?

இரண்டாம் பாகம் என்றதும் அவளுக்கு முதலில் அந்த வெள்ளைதான் ஞாபகம் வந்தது. அது கைதான் என்று வைத்துக்கொண்டால்? கஸ்பார் மறுபடி குதிக்கிறான், அந்தக் கையைப் பிடிக்கிறான், அக்காளை மேலே கொண்டுவருகிறான். மூவர் மறுபடியும் மூவர். அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதே மனதுக்குள் பத்துப் பக்கம் முடிந்துவிட்டது.

கஸ்பாரிடம் கடிதத்தைக் காட்டினாள், மனதில் இருந்ததைக் காட்டவில்லை. கஸ்பாருக்கு இருபத்தேழு வயது, தருமபுரியில் ஒரு சொசைட்டியில் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை கோயில் பாட்டுக் குழுவில் முதல் குரல். அப்பா பெயர் மறுபடி அச்சில் வருகிறது என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாளே கதையை அவனே எழுதிக்கொண்டு வந்துவிட்டான், ஆபீஸ் தாளில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு. கஸ்பார் வளர்ந்து வன அதிகாரி ஆகிறான். ஒவ்வொரு சாகசத்துக்கும் முன்னால் லூர்துவின் கல்லறையில் முழந்தாள் போட்டுச் சபதம் எடுக்கிறான். அவள் ஆசீர்வாதத்தால் ஜெயிக்கிறான். படம் இப்படி வருவதாக இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றான். ஞானமேரி தலையையும் ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பயிற்சி வகுப்பு என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பழைய சிட்டுக்கூடு இதழைப் பையில் வைத்துக்கொண்டு அரூர் பஸ் ஏறினாள்.

புளி மண்டியில் முனிராஜ் என்று கேட்டதும் வீடு காட்டினார்கள். முனிராஜ் வாசலில் இருந்தான், தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, வாங்க என்று சொல்லி, டீ வாங்கிவருகிற சாக்கில் வெளியே போய்விட்டான். உள்ளே லூர்தம்மாள் கீழே உட்கார்ந்து புளியை ஒவ்வொன்றாகக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வயது. விரல்கள் எல்லாம் பழுப்பேறி, முடி நெற்றியில் குறைந்து, முகம் மட்டும் அதே முகம். ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. பாயைத் தள்ளிப் போட்டு உட்காரு என்றாள். பதினோரு வருடம் கழித்து வந்த தங்கையிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்பதுதான். ஞானமேரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ இடம் கொடுக்காத மாதிரி சுத்தியல் தட்டிக்கொண்டே இருந்தது.

அதனால் அவள் வந்த விஷயத்துக்கே நேராகப் போனாள். கடிதம், இரண்டாம் பாகம், வெள்ளையாய் விட்டுப்போன இடம், அதிலிருந்து கை வருவது, அண்ணன் குதித்துத் தூக்குவது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே நெஞ்சு நிறைந்தது. லூர்தம்மாள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"மேரி, நான் எப்ப உளுந்தேன்?"

ஞானமேரி பையின் வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இங்க அரூர்ல இருந்தேன். புளி ஒடச்சேன். ரெண்டு புள்ள பெத்தேன். மாமியாகிட்ட ஏச்சு வாங்குனேன், வாங்குனதுக்கு மேல குடுத்தேன். உளுந்தவளைத் தூக்கலாம். உளாதவளைத் தூக்கறோம்னு நீங்க வந்தா, அது தள்ளுனதை மறைக்கறதுக்குத்தான்."

கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். ஞானமேரிக்குக் காது சுட்டது. தான் கொண்டுவந்தது பரிசு என்று நினைத்திருந்தாள். மன்னிப்புக்கூட அது இல்லை. செத்துப்போனவள் என்று ஒப்புக்கொண்டால்தான் பிழைத்தவள் என்று சேர்த்துக்கொள்வோம் என்கிற பேரம். பையில் இருந்த இதழை வெளியே எடுக்கவே கை கூசியது. லூர்தம்மாள்தான், என்ன அது, குடு, நான் பார்த்ததே இல்லை என்று கையை நீட்டினாள். தான் செத்த கதையை அவள் அன்றுதான் முதல் முறையாகப் படித்தாள்.

நிதானமாகப் படித்தாள். தான் குனிகிற கட்டத்தைப் பார்த்து, குடம் எடுக்க இப்படியா யாராவது குனிவார்கள், அப்பா ஜென்மத்தில் தண்ணீர் சேந்தியதில்லை என்றாள். கஸ்பார் வெறுங்கையோடு மேலே வருகிற கட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் இதழைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது என்னா கை? இது படிடி. நம்ம கெணத்து மூணாம் படி. அந்த அகலக் கல்லு. நான் துணி தொவைக்கறப்ப உக்காருவனே."

ஞானமேரி எட்டிப் பார்த்தாள். பதினோரு வருடம் பார்த்த படம்தான். அவர்கள் தோட்டத்துக் கிணறு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு இறங்குகிற கல் படிகள், மேலிருந்து மூன்றாவது மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு அகலம். அங்கே அக்காள் உட்கார்ந்திருக்காத நாளே கிடையாது. பெருக்கல் குறி கிணறு முழுவதற்கும்தான் இருந்தது. மை போட்ட கை அந்த இடத்துக்கு வந்ததும் ஒதுங்கிப் போயிருக்கிறது. தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. தப்பு என்று நினைத்து இத்தனை வருடம் சுமந்தது தப்பு இல்லை என்றானதும், உட்கார்ந்த இடத்திலேயே அவள் உடைந்து அழுதாள். லூர்தம்மாள் புளிக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு அவள் முதுகில் வைத்தாள்.

அழுது முடித்ததும் ஞானமேரிக்கு இன்னொன்று தோன்றியது. அப்பா ஒவ்வொரு பக்கத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேலத்துக்கு அனுப்புவார். ஒரு மயிரிழை விட்டிருந்தாலும் கண்டுபிடித்துத் திரும்பப் போடச் சொல்லுவார். இதை மட்டும் எப்படி விட்டார்? பார்த்தும் விட்டிருப்பாரோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பாத்திருக்கலாம். பாத்துட்டு என்னா பண்ணாரு? செத்தாருன்னு மண்டிக்கு வந்தவங்க சொன்னாங்க. அதுக்கு முந்தி ஒரு நாளு பஸ் ஏறி வந்தாரா?" என்றாள் லூர்தம்மாள்.

அந்தச் சூட்டில் ஞானமேரி வாய் தவறி மெழுகுவத்தியைப் பற்றிச் சொல்லிவிட்டாள். வருடா வருடம், பாட்டி கல்லறைக்குப் பக்கத்தில், வெறும் தரையில். லூர்தம்மாள் நம்பாமல் பார்த்தாள். எனக்கா என்று கேட்டாள். பெரிய மெழுகுவத்தியா, சின்னதா என்று கேட்டாள்.

"சின்னதுதான்க்கா."

"அதுலயும் சின்னதுதானா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, பக்கத்து அறையிலிருந்து அவள் பெண் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. சுத்தியலை எடுத்து மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து விளக்கு வைக்கிற வரைக்கும் ஜன்னல் ஓரமாக ஞானமேரி வரைந்தாள். முதல் பக்கம் முழுவதும் ஒரே படம். அதே கிணறு, அதே நாள், ஆனால் இந்த முறை உள்ளேயிருந்து. மூன்றாம் படியில் லூர்து உட்கார்ந்திருக்கிறாள், பாவாடையைப் பிழிந்துகொண்டு. மேலே வட்டமாக வானம், வட்டத்தைச் சுற்றி ஊர்த் தலைகள், அத்தனை கண்ணும் தண்ணீரையே பார்க்கின்றன. படியை ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் கஸ்பார் மூச்சு முட்டி வெறுங்கையோடு மேலே வருகிறான். படியில் இருந்தபடியே லூர்து அவனுக்குக் கை நீட்டுகிறாள். ஞானமேரி நினைத்துவைத்திருந்த கை கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தது, தூக்கப்படுகிற கையாக இல்லை, தூக்குகிற கையாக. அதன் பிறகு அக்காள் தன் வழியில் போகிறாள், ஊர் தன் வழியில் துக்கம் கொண்டாடுகிறது. மீதி முப்பது பக்கமும் அந்த வேடிக்கைதான். பென்சில், கோடு, மை எல்லாம் ஒரே கை. பெருக்கல் குறி போட ஆள் இல்லை.

அம்மா ஆரோக்கியம்மாள் பேசுகிற ரகம் இல்லை. பதினோரு வருடத்தில் மூத்த மகள் பெயரை அவள் வாயால் யாரும் கேட்டதில்லை. ஒரு நாள் சாயங்காலம் காபி டம்ளரை மேசையில் வைத்தவள் நகராமல் நின்றாள். கடைசி நாலு பக்கத்தில் வளர்ந்த லூர்துவின் படம் காய்ந்துகொண்டிருந்தது, நீள ஜடையோடு.

"முடி இன்னும் அவ்ளோ நீளமாவா இருக்குது?"

பயிற்சி வகுப்புப் பொய் அம்மாவிடம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை என்று ஞானமேரிக்கு அப்போதுதான் தெரிந்தது. இல்லம்மா, கொட்டிப்போச்சு என்றாள். அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கொறைச்சுப் போடு."

ஞானமேரி அந்த நாலு பக்கத்தையும் திரும்ப வரைந்தாள். காபி ஆறிப்போயிருந்தது, அதையும் குடித்தாள்.

கஸ்பார் பக்கங்களைப் பார்த்தது அக்டோபர் கடைசி வாரத்தில். முதல் பக்கத்தைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. எடுத்த எடுப்பில் அவன் கேட்டது சம்பந்தத்தைப் பற்றி. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து அவளைப் பெண் கேட்டு வருவதாக இருந்தார்கள். அக்கா ஓடிப்போனதைக் கிணற்றில் போட்டு மூடி வைத்திருக்கிறோம், நீயே தோண்டி எடுத்துப் புத்தகமாகப் போட்டால் எவன் வருவான் என்றான். படித்துவிட்டு வருகிறவர்கள் வரட்டும் என்றாள் ஞானமேரி. இவ்வளவு திருத்தமாக அண்ணனிடம் அவள் பேசியதே இல்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, நன்றாகவும் இருந்தது.

அவன் குரல் சட்டென்று இறங்கியது. இரண்டாம் பக்கத்தைக் கையில் வைத்திருந்தான்.

"அப்ப நான் குதிச்சது?"

அவன் பேசியது கதையைப் பற்றித்தான் என்று புரிய அவளுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. பதினாறு வயதில் தருமபுரியில் ஹாஸ்டலில் இருந்தான். அங்கேயும் சிட்டுக்கூடு வந்தது. அந்த இதழுக்குப் பிறகு பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் அவன் பெயர் வெறுங்கை கஸ்பார். சாப்பாட்டுத் தட்டை நீட்டினால், பாத்துடா, தண்ணியில போட்டுடப் போறான் என்பார்கள். அக்காளைத் துரத்திவிட்ட வீட்டில் அக்காளைக் காப்பாற்ற முடியாதவன் என்ற பழியை அவன் தலையில் கட்டியது அப்பாவின் பேனா. அப்பாவுக்குப் பிறகும் விடாமல் அவன் மெழுகுவத்தி ஏற்றியது அக்காள் மேல் உள்ள வைராக்கியத்தில் என்று ஞானமேரி நினைத்திருந்தாள். தன்னால் முடியவில்லையே என்றுகூட ஏற்றியிருக்கிறான், மடையன், நடக்காத ஒன்றுக்காக. அவளுக்கு அப்பாவின் மேல் கோபம் அன்றுதான் முழுசாக வந்தது. உனக்கு அங்கே தேட ஒன்றும் இல்லை அண்ணா, உன்னை ஏமாற்றித் தண்ணீரில் இறக்கினார்கள், அக்காள் கையைப் பிடித்து மேலே வா, படம் அதைத்தான் சொல்கிறது என்றாள். அவன் பக்கத்தைத் திரும்ப மேசையில் வைத்தான். கையெழுத்துப் போட மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவன் பிடித்திருந்த ஓரத்தில் வேர்வை பட்டுக் கட்டைவிரல் அடையாளம் பதிந்திருந்தது. ஞானமேரி அதை அழிக்கவில்லை.

மறுநாள் சென்றாயனுக்கு எழுதினாள். அண்ணன் சம்மதம் இல்லை. என் சம்மதம் இருக்கிறது. முதல் பாகத்தில் என் அக்காள் மேல் மை போட்டவள் நான். மேலே அப்பா பெயரோடு என் பெயரும் வர வேண்டும். வராது என்றால் பக்கங்களைத் திருப்பி அனுப்புங்கள், வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். வேறு இடம் எதுவும் அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் எழுதினாள். பக்கங்களை அட்டை வைத்துக் கட்டி ரிஜிஸ்டர் தபாலில் போட்டாள். முதல் பக்கத்தை மட்டும் மெல்லிய தாளில் நகல் எடுத்து, அரூருக்கு இன்னொரு உறையில் போட்டாள். கூடவே ஒன்றும் எழுதவில்லை.

கல்லறைத் திருநாள் வரைக்கும் இரண்டு இடத்திலிருந்தும் பதில் இல்லை.

அன்று சாயங்காலம் ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்திருந்தார்கள். சாமியார் மந்திரித்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வரிசை வரிசையாகப் போனார். அவர்கள் குடும்பத்து இடத்தில் கஸ்பார் குத்தவைத்து உட்கார்ந்து அப்பாவுக்கு இரண்டு பெரிய மெழுகுவத்தி, பாட்டிக்கு ஒன்று என்று ஏற்றினான். பிறகு பையிலிருந்து சின்னதை எடுத்தான். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். இந்த வருடம் ஏற்ற மாட்டான் என்று ஞானமேரி நினைத்தாள். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏற்றிவிட்டான். ஊர்க் கண்ணுக்கு முன்னால் அவனால் அவ்வளவுதான் முடிந்தது.

கேட் பக்கம் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. ஜெபமாலையில் இருந்தவர்கள்கூடப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். லூர்தம்மாள் வந்துகொண்டிருந்தாள், தனியாக, தோளில் மஞ்சள் பையோடு, பஸ் தூசியைக்கூடத் தட்டாமல். யாரையும் தேடவில்லை, யாருக்கும் தலை குனியவில்லை. பெயர் தெரிந்த கல்லறைகளைப் பெயர் சொல்லிக் கடந்து, நேராக அவர்கள் இடத்துக்கு வந்து நின்றாள். அப்பாவின் கல்லறையில் பெயரை ஒரு முறை படித்தாள். பிறகு வெறும் தரையில் எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். குனிந்து, திரியை இரண்டு விரலால் அழுத்தி அணைத்தாள். மெழுகுவத்தியைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வூட்டுல கரண்டு போனா ஆவும்," என்றாள்.

சாமியார் தெளிக்கிற தண்ணீரை மறந்து நின்றார். அம்மா மட்டும் மகளின் உச்சந்தலையைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கொறைஞ்சுதான் போச்சு," என்றாள் அம்மா.

கஸ்பார் எழுந்திருக்கவில்லை. மெழுகுவத்தி இருந்த குழியையே பார்த்துக் குத்தவைத்திருந்தான், கையில் தீப்பெட்டி திறந்தபடி. லூர்தம்மாள் அவனுக்கு நேராகக் கையை நீட்டினாள். இரண்டு விரல் நுனியிலும் திரியின் கரி, மற்ற விரல்களில் புளிப் பழுப்பு.

"எந்திரிடா. கால் மரத்துடும்."

அவன் தலையை நிமிர்த்தினான். கை அங்கேயே இருந்தது, கரியோடு, அவன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி.